குண்டூசிக்கு அனுமதி இல்லை

ஞானதீபம் டீச்சர் பொய்யே சொல்லாதவர் என்று சொன்னால் அதுவே ஒரு பொய். பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்பிய குழம்பு எப்படி இருந்தது என்று கேட்டால், நாயும் மோந்து பார்க்காத குழம்பானாலும், "பிரமாதம்" என்பார். அதெல்லாம் கணக்கில் சேராது. ஆனால் அரசாங்கத்திடம் அவர் சொன்னது ஒரே ஒரு பொய்தான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். டீச்சருடைய புளுகு மூன்று மாதத்துக்கு மேல் ஓடியது.

சாத்தூரிலிருந்து மினி பஸ்ஸில் முதுகு வலிக்க வலிக்கப் போனால் ஒத்தப்புளிப்பட்டி வரும். அங்கே பஞ்சாயத்து யூனியன் தொடக்கப் பள்ளி. தலைமையாசிரியை ஞானதீபம் டீச்சர். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்துவதும் அவரே, மணி அடிப்பதும் அவரே. இரண்டாவது வாத்தியார் ஒருவர் உண்டு, டென்னிஸ் என்று. அவர் பெயர் மட்டும் இந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கும், ஆள் ஒன்றியத்துக் கல்வி அலுவலகத்தில் இருப்பார். டென்னிஸுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம். அதனால் மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுத 'மாற்றுப் பணி' என்று கொண்டுபோய்விட்டார்கள். பிள்ளைகளுக்கு எழுதிக் காட்ட வேண்டிய கையெழுத்து அங்கே மூன்று காப்பி எழுதிக்கொண்டிருந்தது.

சரி, இருக்கிற ஒரு டீச்சரையாவது பாடம் நடத்த விட்டார்களா என்றால், அதுதான் இல்லை. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க அவர்தான் வீடு வீடாகப் போக வேண்டும். சொட்டு மருந்துக்கும் அவர்தான். சத்துணவு முட்டையில் உடைந்தது எத்தனை, உடையாதது எத்தனை என்று எழுத வேண்டும். இதற்கு நடுவில் செல்போன் வேறு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பெல்லாம் ஆபீசுக்கு அவசரம் என்றால் தபால் வர ரெண்டு நாள் ஆகும். அதற்குள் அவசரம் தானாக ஆறிப் போகும். செல்போன் வந்த பிறகு ஆபீஸ் எழுத்தர் பலவேசத்துக்கு ஒவ்வொரு காலையும் அவசரமாகவே விடிந்தது. "டீச்சர், மிக மிக அவசரம், சாயங்காலத்துக்குள்ள விவரம் வேணும்" என்று பாட ஆரம்பித்தார் என்றால் அன்றைக்குப் பாடம் முடிந்தது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் வேலுத்தாய் வந்து வாசலில் நின்றாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், ஐந்தாம் வகுப்புச் சினேகாவின் அம்மா.

"டீச்சர், மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீக. இவ அஞ்சாப்பு வந்துட்டா. பஸ்சு போர்டை வாசின்னா என் மூஞ்சியப் பாக்கா. தீவாளி வரைக்கும் பொறுத்துப் பாப்பேன். அதுக்குள்ள எளுத்து ஏறலைன்னா வீட்டோட இருந்து தீப்பெட்டி ஒட்டட்டும். சும்மா வந்து உக்காந்து எந்திரிக்கதுக்கு எதுக்கு டீச்சர் பள்ளிக்கூடம்?"

டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது. எதிர்த்துச் சண்டை போடலாம் என்றால் வாய் வரவில்லை, ஏனென்றால் அவள் சொன்னதில் பாதி நியாயம். சினேகா மக்கு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தைக் கூட்டிக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தால் ஏறிவிடும். அப்படி உட்காரும்போதெல்லாம் போன் அடித்தது, அவ்வளவுதான் விஷயம். வேலுத்தாய் போன பிறகு டீச்சர் தன்மேலேயே கோபப்பட்டுக்கொண்டு வெகுநேரம் இருந்தார். "இந்தப் பிள்ளைய மட்டும் விட்டேன்னா நான் டீச்சரே இல்ல" என்று வாய்விட்டே சொன்னார்.

ஜூலையில் ஒரு நாள் காலை. சினேகா கையில் ஒரு அட்டை. அதில் கத்தரிக்காய்ப் படம் கிழிந்து போய், எழுத்து மட்டும் மிச்சம். படத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை, வாசித்துத்தான் ஆக வேண்டும். விரலை வைத்துக்கொண்டு, "க... கத்... கத்த..." என்று கூட்டினாள். டீச்சர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். "கத்தரி..." என்று வந்ததும் போன் அலறியது.

"டீச்சர், மிக மிக அவசரம். உங்க பள்ளியில ஓடுற ஃபேன் எத்தனை, ஓடாத ஃபேன் எத்தனை?"

"எங்க பள்ளிக்கூடத்துல கரண்டே கிடையாது சார். போன வாரம்தான எழுதிக் கொடுத்தேன்."

"அது மின் இணைப்பு விவரம் டீச்சர். இது மின்விசிறி விவரம். படிவம் வேற. மூணு காப்பி."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். சினேகா அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓட்டு மேல் ஓடும் அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரி போயே போய்விட்டது.

டீச்சருக்கு உச்சி முடி வரைக்கும் ஏறியது கோபம். அந்தக் கோபத்தில் கண் ஜன்னல் வழியே தெற்கே போயிற்று. பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு பட்டாசுக் கம்பெனியின் கிடங்கு உண்டு. ஒரு காலத்தில் வெடி அடுக்கியிருந்தார்கள். பள்ளிக்கூடம் பக்கத்தில் வெடியா என்று ஊர் சண்டை போட்டதும் சரக்கை வேறு ஊருக்கு மாற்றிவிட்டு, இப்போது வெறும் அட்டைப்பெட்டிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். சுவரில் சிவப்பு எழுத்தில் 'அபாயம்', மேலே ஒரு மண்டையோடு, இரண்டும் அப்படியே இருந்தன. அதற்கு அடியில் சின்ன எழுத்தில் உண்மையையும் எழுதித்தான் வைத்திருந்தார்கள். அந்த உண்மையை ஒரு சீமைக்கருவேலம் வளர்ந்து மூடிக்கொண்டது.

"அய்யய்யோ, பலவேசம் சார்!" என்று கத்தினார் டீச்சர். "நான் எங்க இருந்து பேசுறேன்னு தெரியும்ல? பக்கத்துல பட்டாசுக் கம்பெனிக் கிடங்கு சார். சுவத்துல அபாயம்னு போட்டிருக்கு. இங்கன போன் அடிச்சு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு சார் பதில் சொல்றது?"

எதிர்முனையில் டப்பென்று சத்தம். பலவேசம் போனை வைக்கவில்லை, கீழே போட்டுவிட்டார்.

பலவேசம் மட்டும் வேறு சீமைக்காரராக இருந்திருந்தால் சிரித்திருப்பார். அவர் சிவகாசிக்காரர், மச்சான் மாமன் எல்லாரும் பட்டாசுக் கம்பெனியில். உள்ளே போன் கொண்டுபோனால் ஃபோர்மேன் என்ன செய்வார் என்று அவர்கள் சொல்லி நன்றாகவே தெரியும். அதனால் நம்பினார், நம்பினதோடு நடுங்கினார். அன்றைக்கே ஆபீசில் எல்லாரிடமும், "ஒத்தப்புளிப்பட்டிக்குப் பள்ளிக்கூட நேரத்துல எவனும் போன் போட்டுராதீக. பச்சப் பிள்ளைக உசுரு" என்று சொல்லி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முழங்கால் போட்டபோது டீச்சருக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆண்டவரிடம் வக்கீல் மாதிரி வாதாடினார். நான் சொன்னதில் ஒவ்வொரு வார்த்தையும் உண்மைதானே ஆண்டவரே? கிடங்கு உண்மை, அபாயம் என்று எழுதியிருப்பது உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்து அவராகப் பயந்தால் நான் என்ன செய்வேன்? ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு என்ன ஒரு நிம்மதி! சனிக்கிழமைதோறும் ஆபீசுக்குப் போய், வந்து குவிந்த படிவங்களை ஒரே மூச்சில் எழுதித் தள்ளிவிட்டு வருவார். மின்விசிறிப் படிவத்தை மட்டும், கரண்டே இல்லாத பள்ளிக்கு இது எதற்கு என்று, தொடாமல் ஒதுக்கி வைப்பார். வேடிக்கை என்னவென்றால், மிக மிக அவசரமாக வந்தவற்றில் பாதி சனிக்கிழமைக்குள் யாருக்கும் வேண்டாததாகியிருந்தன. மற்ற ஐந்து நாளும் அவர் டீச்சராக மட்டும் இருந்தார். சினேகா கத்தரிக்காயைத் தாண்டினாள், முருங்கைக்காயைத் தாண்டினாள். விறகுக்குக் கருவேலத்தை வெட்ட ஒருவர் அரிவாளோடு வந்தார். "அதுல கை வச்சீகன்னா நடக்கிறதே வேற!" என்று டீச்சர் போட்ட சத்தத்தில், அதில் ஏதோ சாமி குடியிருக்கிறது போல என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வந்தது வினை. ஆபீசுக்குக் காசிராஜன் என்று புது அதிகாரி மாறுதலில் வந்திருந்தார். காரியாபட்டிப் பக்கம், விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. வந்ததும் வராததுமாக, சூலக்கரையில் இருக்கும் மாவட்ட அலுவலகத்திலிருந்து அவருக்கு மண்டகப்படி. மாவட்டம் பூராவும் மின்விசிறி விவரம் வந்துவிட்டதாம், ஒரே ஒரு பள்ளிக்கூடம் பாக்கியாம்.

"ஒரு டீச்சருக்குப் போன் போட முடியாதா? என்னய்யா இது அக்கிரமம்! ஜீப்பை எடு" என்று பலவேசத்தையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றைக்குக் காலையிலிருந்தே வானம் மூட்டம். மேற்கே ஒரு இடி இடித்தது. இடி இடித்தால் கம்பெனியில் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பிய வேலுத்தாய், தீபாவளிக் கெடு நெருங்கிவிட்டதே, டீச்சரிடம் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். வந்தவள் ஜீப்பைப் பார்த்துவிட்டுத் தூண் ஓரமாக ஒதுங்கினாள்.

ஜீப் வந்து நின்றதைப் பார்த்ததும் டீச்சர் சாக்பீஸைப் போட்டுவிட்டு எழுந்தார். காலிக் கிடங்கு என்று தெரிந்தால் போதும், மெமோ என்ன, சஸ்பெண்டே வரலாம். ஓடிப்போய் என்ன சொல்வது என்று அவர் யோசிப்பதற்குள் பலவேசமே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்.

கிடங்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே கேட். அந்தக் கேட்டுத் தூணில் பழைய செப்புத் தகடு ஒன்று பதித்திருந்தது. பட்டாசுக் கம்பெனி வாசலில் இப்படி ஒன்று இருக்கும். உள்ளே போகிறவர்கள் அதைத் தொட்டால் உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்பது கணக்கு. பலவேசம் சிவப்பு எழுத்தைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். கைகள் தானாக வேலை செய்ய ஆரம்பித்தன.

"ஐயா, நில்லுங்க! செருப்பைக் களட்டுங்க. இந்தத் தகட்டைத் தொடுங்க. போனை ஜீப்புல வச்சிருங்க."

காசிராஜன் மண்டையோட்டைப் பார்த்தார். கம்பும் சோளமும் விளைகிற ஊரில் பிறந்தவருக்கு வெடி என்றால் தீபாவளிக்குக் காதைப் பொத்திக்கொள்வதுதான் தெரியும். மறு பேச்சில்லாமல் தகட்டை இரண்டு கையாலும் தொட்டார்.

"பேனா இரும்பா ஐயா? வேண்டாம், உரசுனா பொறி வரும். சாவிக்கொத்தும் கூடாது. பெல்ட்டுல கொக்கி இருக்கு பாருங்க, அதையும் களட்டிருங்க."

"பெல்ட்டையுமாய்யா?"

"உசுரு பெரிசா, பெல்ட்டு பெரிசா ஐயா?"

காசிராஜன் கழற்றினார். போன வருஷம் எடுத்த கால்சட்டை. இந்த வருஷம் சர்க்கரை வியாதி வந்து ஆள் இளைத்திருந்தார். இடது கை தானாக இடுப்புக்குப் போயிற்று. வலது கையால் ஃபைல் கட்டை எடுத்தார்.

"ஐயா, ஃபைலு!" என்று அலறினார் பலவேசம். "தாளுக்குத் தாளு குண்டூசி! அம்புட்டும் இரும்பு!"

ஃபைலும் ஜீப்புக்குப் போயிற்று. ஒன்றியத்துக் கல்வியைக் கட்டி ஆளுகிற அதிகாரி, போன் இல்லாமல், பேனா இல்லாமல், ஃபைல் இல்லாமல், வெறுங்காலோடு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தார். அந்தக் கிடங்கில் என்ன இருக்கிறது என்று ஊரில் பிறந்த நண்டு சிண்டு வரைக்கும் தெரியும். தூண் ஓரத்தில் நின்ற வேலுத்தாய் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினாள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. பொய் இந்த அளவுக்குக் கொழுத்து வளர்ந்து வந்து நிற்கும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

"எங்கம்மா மின்விசிறி விவரம்?" என்று ஆரம்பித்தார் அதிகாரி.

"சார், கரண்டே இல்ல..." என்றார் டீச்சர்.

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். கூரை ஓடும் ஒரு பல்லியும்தான் இருந்தன. குறித்துக்கொள்ளச் சட்டைப்பையில் கைவிட்டார், பேனா இல்லை. அப்புறம் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் வந்து, "சார், இதுக்கு ரைட்டு போடுங்க" என்று சிலேட்டை நீட்டினான். அதிகாரி தரையில் கிடந்த சாக்பீஸை எடுத்துப் போட்டார். அவ்வளவுதான், ஈ மொய்த்தது போல் சிலேட்டுகள் சூழ்ந்துகொண்டன. அவர் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தால் கால்சட்டையைப் பிடிக்க வேண்டியதில்லை. 'ஆ'வுக்குச் சுழி மறந்தவனுக்குக் கையைப் பிடித்து எழுதிக் காட்டினார். அவரும் ஒரு காலத்தில் வாத்தியாராக இருந்தவர்தான். அந்த நினைப்பு வந்ததும் முகமே மாறிப்போயிற்று.

"ஐந்தாம் வகுப்புல யாரும்மா நல்லா வாசிப்பாங்க?" என்று கேட்டார்.

டீச்சர் ஒரு கணம் யோசித்தார். நல்லா வாசிக்கிற பிள்ளைகள் வேறு இருந்தார்கள். ஆனால் வாசலில் வேலுத்தாய் நின்றுகொண்டிருந்தாள்.

"சினேகா, எந்திரி" என்றார்.

சினேகா அட்டையை எடுத்தாள். அதிகாரி கையை ஆட்டினார். "அது வேண்டாம், மனப்பாடமா இருக்கும். எத்தனை பள்ளிக்கூடத்துல பாத்திருக்கேன். அந்தா, ஜன்னலுக்கு வெளியே சுவத்துல எழுதியிருக்கு பாரு. அதை வாசி."

டீச்சர் சுவரைப் பார்த்தார், கருவேலத்தைப் பார்த்தார்.

சினேகா ஜன்னலண்டை போனாள். "அபாயம்" என்றாள், டக்கென்று. டீச்சர், "போதும் தாயி, நல்லா வாசிச்ச, வந்து உக்காரு" என்றார். ஆனால் வாசல் பக்கம் அம்மா நிற்பதைச் சினேகா பார்த்துவிட்டாள். ஒரே ஒரு வார்த்தையோடு விட அவளுக்கு மனசில்லை. ஜன்னல் கம்பியில் கன்னத்தைப் பதித்துக் குனிந்தாள். பெரியவர்கள் உயரத்துக்குக் கருவேலம் மறைத்தது. அவள் உயரத்துக்கு மறைக்கவில்லை.

"இ... இங்கு... காலி..."

நிறுத்து என்று ஒரு சத்தம் போட்டால் போதும், தப்பித்துக்கொள்ளலாம். டீச்சர் வாயைத் திறந்தார். எழுத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிற பிள்ளையை இடையில் நிறுத்துவதா? அதற்குத்தானே இத்தனை பொய்யும்? வருவது வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டார்.

"...அட்... அட்டைப்... பெட்டிகள்... மட்டும்... வைக்கப்... பட்டுள்ளன." சினேகா திரும்பி, மூச்சு வாங்க, ஒரு முறை சேர்த்தும் வாசித்துக் காட்டினாள். "இங்கு காலி அட்டைப்பெட்டிகள் மட்டும் வைக்கப்பட்டுள்ளன."

பலவேசம் வாயைப் பிளந்தார். "காலிப் பெட்டியா?" என்றார். அதிகாரி மெதுவாகத் தன் இடுப்பைப் பார்த்தார்.

வேலுத்தாய்தான் முதலில் பேசினாள். அதிகாரி இருக்கிறார் என்பதையும் மறந்து உள்ளே வந்துவிட்டாள். "டீச்சர், எம் மக சரியாத்தான் வாசிச்சாளா? காலிப் பெட்டின்னு ஊருக்கே தெரியும் டீச்சர். ஆனா அது அங்கன எளுதியிருக்குன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது." அவள் கண் நிறைந்து வழிந்தது. "தீப்பெட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இவ படிக்கட்டும்."

அதிகாரி எழுந்தார். "பலவேசம், போய் என் பேனாவையும் ஃபைலையும் எடுத்துட்டு வா" என்றார். குரல் நன்றாக இல்லை. பலவேசம் ஓடினார்.

"ஆமா சார், நான்தான் பொய் சொன்னேன்" என்றார் டீச்சர். "இந்தப் பிள்ளைக்கு ஜூன் மாசம் ஒரு எழுத்து கூட்டத் தெரியாது. ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கும்போதும் போன் வந்தது. மெமோ குடுங்க சார், வாங்கிக்கிடுதேன். ஃபேன் இல்லாத பள்ளிக்கூடத்துல ஃபேனை எண்ணுறதுக்கு இவ படிப்பைக் குடுக்க எனக்கு மனசு வரல."

அதிகாரி ஒரு மூலையில் கிடந்த பாடப் புத்தகத்தை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துச் சினேகாவிடம் கொடுத்தார். "இதை வாசி, பாப்போம்."

அது நடத்தாத பாடம். சினேகா விரலை வைத்தாள். "மழை... மழைக்... கா... காலத்தில்... தவ... தவளை..."

அப்போது வாசலில் காலடிச் சத்தம். பலவேசம் ஓடி வந்தார், ஒரு கையில் ஃபைல், மறு கையில் அதிகாரியின் போன். அது தன் பாட்டுக்கு அலறிக்கொண்டிருந்தது. "ஐயா, சூலக்கரை! மின்விசிறி விவரம் உடனே வேணுமாம்! மிக மிக அவசரமாம்!"

சினேகா விரலை எடுத்துவிட்டாள். புத்தகத்தை மூடினாள். கண் ஓட்டுப் பக்கம் போயிற்று, அணிலைத் தேடி.

காசிராஜன் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு பலவேசத்தின் மேல் பாய்ந்தார்.

"யோவ், அறிவிருக்காய்யா உனக்கு? கிடங்குக்குப் பக்கத்துல போனைக் கொண்டு வரலாமா? சுவத்துல அபாயம்னு போட்டிருக்கில்ல? தூரப் போய்யா!"

பலவேசத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஐயா, காலிப் பெட்டி..." என்று இழுத்தார்.

"போ!"

பலவேசம் கேட்டுக்கு ஓடினார். போகிற வேகத்திலும் செப்புத் தகட்டைத் தொட மறக்கவில்லை. அதிகாரி மறுபடி தரையில் உட்கார்ந்துகொண்டு, "நீ வாசி தாயி. தவளை என்ன செஞ்சுச்சு?" என்றார். தவளை கத்தி, மழை பெய்து, குளம் நிறைகிற வரைக்கும் இருந்து கேட்டார்.

கிளம்பும்போது டீச்சர் கேட் வரைக்கும் கூடப் போனார். மெமோவைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை. அதிகாரி பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "டென்னிஸ் இந்தப் பள்ளிக்கூடம்தானே? திங்கக்கிழமை வந்துருவாரு. ஃபேன் கணக்கை நானே எழுதிக்கிடுறேன், சைபர்தானே" என்றார்.

ஜீப்பில் ஏறப் போனவர் நின்று, கிடங்குச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர், வாசிக்க வராத பிள்ளைங்க இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?"

"நாலஞ்சு பேர் இருக்காங்க சார்."

"அப்ப அந்தக் கருவேலத்துல யாரும் கை வைக்காமப் பாத்துக்கங்க" என்றார் காசிராஜன். "அடியில கொஞ்சம் தண்ணி ஊத்துங்க. கீழ்ப்பக்கம் சரியா மறைக்கல."